பல்வங்கர் பாலு: பந்து அவருக்கு, தலைமை பிறருக்கு

கிரிக்கெட் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவின் முதல்தர ஆட்டக் கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடும்: 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள், விக்கெட் ஒன்றுக்குச் சராசரியாக 15.21 ஓட்டங்கள். இந்த வரியைவிட அது தொடங்கும் ஆண்டுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1876-இல் தார்வாடில் பிறந்தவருக்கு, பதிவேட்டில் ஏறிய முதல் பெரிய ஆட்டம் 1906 பிப்ரவரியில்தான் வாய்த்தது. அப்போது அவருக்கு வயது 29. அதற்கு முன்பு பல ஆண்டுகள் புனேயிலும் பம்பாயிலும் நாள்தோறும் பந்து வீசியிருந்தார்; அந்தப் பந்துகளில் பெரும்பாலானவை எந்தக் கணக்கிலும் இல்லை.

மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு, அதிலும் மாட்டுங்கா, சயான், தாராவிப் பக்கத்துத் தமிழர்களுக்கு, கவாஸ்கரும் டெண்டுல்கரும் வீட்டுப் பிள்ளைகள் போலப் பழக்கம். பாலுவின் பெயரைச் சொன்னால் மட்டும் பலர் யோசிக்கிறார்கள். அவரை அறிந்துகொள்ள நமக்குக் கூடுதல் காரணம் உண்டு. தாராவிக்கு முதலில் வந்து சேர்ந்த தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகப் புறப்பட்டவர்கள். பாலு பிறந்த சமார் சாதியும் தோல் தொழிலோடு சேர்த்தே ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் அரசியலுக்கு வந்தபோது கைகோத்து நின்றதும் சென்னையின் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவோடுதான். ஆகவே இது முழுக்க மராத்தியர் கதை அல்ல.

பாலுவின் தந்தை புனேயில் இராணுவத்தைச் சார்ந்த வேலையில் இருந்தார். வெள்ளை அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டுதான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினார்கள். பாலுவின் முதல் வேலை, பார்சிகளின் கிரிக்கெட் மன்றம் ஒன்றில் ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்குவது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களுக்கு மட்டுமேயான பூனா கிளப்புக்கு மாறியபோது சம்பளம் 4 ரூபாய் ஆனது. உருளை இழுப்பது, வலை கட்டுவது, கோடு போடுவது ஆகியவற்றோடு, உறுப்பினர்களின் பயிற்சிக்குப் பந்து வீசுவதும் அந்த வேலையில் அடக்கம்.

அங்கே அவரிடம் அதிகம் பந்து வாங்கியவர் ஜே.ஜி. கிரெய்க் என்ற இராணுவ அதிகாரி. ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு ஆடியவர், பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியாரானவர். மற்றவர்கள் வருமுன்பே மைதானத்துக்கு வந்து, பாலுவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பயிற்சி செய்வாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது: எட்டு முறை விக்கெட் எடுத்தால் ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடும். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் தம் வீச்சின் நீளத்தையும் திசையையும் செதுக்கிக்கொள்ள இதைவிட நல்ல தூண்டுதல் வேண்டுமா? ஆனால் அத்தனை ஆண்டுகளில் பூனா கிளப்பின் வலைக்குள் ஒரு நாள்கூட அவர் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை என்கிறார்கள். பந்து வீசுவது உழைப்பு. அதைப் பணியாளரிடம் வாங்கிக்கொள்ளலாம். மட்டை பிடிப்பது துரைமாரின் விளையாட்டு. பாலுவின் வாழ்க்கை முழுவதும் இந்தப் பிரிவினை வெவ்வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வரும்.

புனே இந்துக்கள் ஐரோப்பியர்களை வெல்ல விரும்பினார்கள். வெல்வதற்குப் பாலு தேவைப்பட்டார். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள்; தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே, குடித்தபின் வீசியெறியும் மண் குவளையில் தேநீர் வந்தது; சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். சென்னையிலும் இதற்கு ஒப்பான ஒரு செய்தி பேசப்படுவதுண்டு. ஐரோப்பியர்கள் மன்றக் கட்டடத்துக்குள் அமர்ந்து உண்ண, இந்திய ஆட்டக்காரர்கள் மர நிழலில் உண்ண வேண்டியிருந்ததைக் கண்டு மனம் கொதித்த புச்சி பாபு நாயுடு, 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பார்கள். செல்வந்தரான புச்சி பாபுவுக்கு வெள்ளையர் செய்த அவமதிப்பை, புனேயில் இந்துக்களே தங்கள் சிறந்த பந்துவீச்சாளருக்குச் செய்தார்கள். புச்சி பாபுவால் சொந்த மன்றம் தொடங்க முடிந்தது. பாலுவால் என்ன தொடங்கியிருக்க முடியும்?

1896-இல் பிளேக் நோய் பரவிய காலத்தை ஒட்டி அவர் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பாம்பே, பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வேயில் பாலுவுக்கு வேலை கிடைத்தது. இன்று நாம் சர்ச்கேட்டுக்குப் பயணம் செய்யும் மேற்கு ரயில்வேக்கு அதுவே முன்னோடி. மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பரமானந்த தாஸ் ஜீவன் தாஸ் இந்து ஜிம்கானா அவரைச் சேர்க்க முன்வந்தபோது உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தனர். எதிர்ப்பை மீறித்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

1906 பிப்ரவரியில் பாம்பே ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. வெற்றி 109 ஓட்ட வித்தியாசத்தில். பாலுவும் எரஷாவும் பந்துவீச்சைத் தாங்கினார்கள். சிவராமும் அணியில் இருந்தார். வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய சுதேசி அலையின் நடுவில் வந்த இந்த வெற்றியை நாளேடுகள் ஆட்டமாக மட்டும் பார்க்கவில்லை. சாதியைச் சற்றுத் தளர்த்தியதால் கிடைத்த பலன் என்றும் எழுதினார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு ஓரளவு சங்கடம் உண்டு. எட்டாவது ஒன்பதாவது விக்கெட் வேண்டியிருந்தபோது தளர்ந்த கட்டு, ஆட்டம் முடிந்தபின் எவ்வளவு தூரம் தளர்ந்தே இருந்தது என்பதை அடுத்த பதினைந்து ஆண்டுகள் காட்டின.

அதற்கு வருமுன் 1911-ஐச் சொல்ல வேண்டும். அகில இந்திய அணி என்ற பெயரோடு ஓர் அணி முதன்முறையாக இங்கிலாந்துக்குச் சென்றது அந்த ஆண்டில். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், அப்போது வயது 19, அணித்தலைவர். விருந்துகளும் முடிசூட்டு விழாக் கொண்டாட்டங்களும் அழைத்ததால் மிகச் சில ஆட்டங்களில்தான் களமிறங்கினார். அணி 14 முதல்தர ஆட்டங்களில் 2 வென்று 10 தோற்றது. தோற்றுக்கொண்டிருந்த அந்த அணியின் சுமை முழுவதும் 35 வயதுப் பாலுவின் தோளில் இருந்தது, தோளும் வலித்துக்கொண்டிருந்தது. எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட்டுகள், அவற்றில் முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்ததே அவர் வாழ்நாளின் சிறந்த வீச்சு. லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் பதினொரு விக்கெட்டுகள். சோமர்செட்டை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது ஆட்டமிழக்காமல் சதமடித்து நின்றவர் சிவராம். ஆக, அந்தப் பயணத்தின் இரண்டு வெற்றிகளிலும் பல்வங்கர் வீட்டின் கை இருக்கிறது.

பாலுவை இந்தியாவின் ரோட்ஸ் என்று அழைத்தார்கள். யார்க்ஷயரின் வில்ஃபிரட் ரோட்ஸ் அவரைவிட ஒரு வயது இளையவர். அவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்தான். இந்த ஒப்பீட்டைப் பலரும் பந்துவீச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரோட்ஸ் கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர். இங்கிலாந்தில் அமெச்சூர் கனவான்களுக்கு ஓர் உடைமாற்றும் அறை, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வேறோர் அறை. அணித்தலைவர் பதவி அமெச்சூர்களுக்கே உரியது. நாலாயிரத்துக்கு மேல் விக்கெட் எடுத்த ரோட்ஸுக்கு யார்க்ஷயர் அணியின் நிரந்தரத் தலைமை கிடைக்கவே இல்லை. 1952-இல் லென் ஹட்டன் நியமிக்கப்பட்ட பிறகுதான், இருபதாம் நூற்றாண்டில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்தின் முறையான அணித்தலைவரானார். அதாவது, அங்கே தலைமையைத் தடுத்தது கூலி.

பாலுவின் நிலை இன்னும் விசித்திரமானது. இந்து அணிக்கு அவர் கூலிக்கு ஆடவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, மற்றவர்களைப் போல அமெச்சூராகவே ஆடினார். இங்கிலாந்தின் விதிப்படி பார்த்தாலும் தலைமைக்கு அவருக்குத் தடை எதுவும் இல்லை. மூப்பும் அனுபவமும் அவரிடமே இருந்தன. அப்படியிருந்தும் ஐரோப்பியர், பார்சி, இந்து அணிகள் மோதிய மும்முனைப் போட்டியிலும், 1912-இல் முஸ்லிம்கள் சேர்ந்தபின் நான்முனைப் போட்டியிலும், ஆண்டுதோறும் தலைமை மேல்சாதி ஆட்டக்காரர் ஒருவருக்கே போனது. 1913-இல் அணித்தலைவரான எம்.டி. பாய், தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். பாய் மீது எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது இந்த இடத்தில்தான். அவர் சொன்னதைக் கேட்டுக் கைதட்டியவர்கள் அடுத்த ஆண்டும் பாலுவைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மண் குவளைக் கதையை இன்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பழைய காலத்து அறியாமை என்று தள்ளிவைக்க வசதியான கதை. தலைமைக் கதை அப்படித் தள்ளிவைக்கக்கூடியது அல்ல. அதை மறுத்தவர்கள் படித்தவர்கள், அவரோடு ஒரே மேசையில் உண்ணத் தொடங்கிவிட்டவர்கள், அவர் பந்துவீச்சை மெச்சியவர்கள். கூட உட்கார்ந்து உண்பதைவிட, அவர் சொல்லும் இடத்தில் போய் நிற்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

1920-இல் தலைமை மறுபடியும் வீட்டைத் தாண்டிப் போனபோது, சிவராமும் இன்னொரு தம்பி விட்டலும், சாதிதான் காரணம் என்று பகிரங்கமாக எழுதி அறிவித்துவிட்டு அணியிலிருந்து விலகினார்கள். தீண்டாமை பற்றிக் காந்தி பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் இது எளிதில் அமுக்கிவிடக்கூடிய செய்தியாக இல்லை. சமரசமாகப் பாலுவைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். அதுவே அவர் ஆடிய கடைசிப் பருவமும்கூட, வயது 44. மூன்று ஆண்டுகள் கழித்து, 1923-இல், விட்டல் அணித்தலைவரானார்; இந்து அணி ஐரோப்பியரை வென்று கோப்பையையும் பெற்றது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932-இல் பாலுவுக்கு 56 வயது.

அதே 1932-இல்தான் அவர் வேறொரு களத்தில் தெரிகிறார். தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி என்பது அம்பேத்கரின் கோரிக்கை. இடங்களை ஒதுக்கிவிட்டு எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத்தொகுதி என்பது எம்.சி. ராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு செய்துகொண்ட உடன்பாடு. பாலு ராஜாவின் பக்கம் நின்றார். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜகோபாலாச்சாரி ஆகியோரோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. ஒப்பந்தப்படி சென்னை மாகாணத்துக்கு 30 இடங்களும் பம்பாய்க்கு 15 இடங்களும் ஒதுக்கப்பட்டன. அம்பேத்கர் 1935-இல் மதமாற்றத்தை அறிவித்தபோதும் ராஜாவும் பாலுவும் அதை ஏற்கவில்லை.

இதை வைத்துப் பாலுவைத் துரோகி என்பவர்களும், அம்பேத்கரைவிட நிதானமானவர் என்று தூக்கிப் பிடிப்பவர்களும் இன்று உண்டு. இரண்டுமே அவர் ஆடிய ஆட்டத்தை மறந்துவிட்டுப் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரே அணிக்குள் இருந்துகொண்டு, விக்கெட் எடுத்து, பொறுத்து, தம்பிகளைக் கொண்டு வந்து, கடைசியில் தலைமையையும் தம் குடும்பத்துக்குப் பெற்றுத்தந்த ஒருவர், தனி அணி வேண்டாம் என்று கருதியதில் வியப்பில்லை. 1906 முதல் 1923 வரையிலான அதே பதினேழு ஆண்டுகளை அம்பேத்கரின் இடத்திலிருந்து பார்த்தால், தகுதி முழுவதும் கண்முன் இருந்தும் தலைமை தராதவர்களிடம் கூட்டுத்தொகுதியை ஒப்படைப்பது எப்படி என்ற கேள்விதான் எழும். பாலுவின் வாழ்க்கை இரு தரப்புக்கும் சான்று சொல்லும். நான் அம்பேத்கர் எழுப்பிய கேள்வியின் பக்கம்தான் சாய்கிறேன்.

1933-இல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை வேட்பாளராக நின்று பாலு தோற்றார். 1937-இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில், பைகுல்லா, பரேல் பகுதிகளைக் கொண்ட தொகுதியில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் அவரை நிறுத்தியது. ஒரு காலத்தில் பம்பாயின் தலித் மக்கள் பாராட்டு விழா எடுத்துக் கொண்டாடிய பெயர் அது. இளம் அம்பேத்கரும் மதித்த பெயர். நாடறிந்த தலைவரை வெல்ல நாடறிந்த ஆட்டக்காரர் என்பது கட்சியின் கணக்கு. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார். 61-ஐத் தொட்டுக்கொண்டிருந்த பாலு 11,225. அதன்பின் தேர்தல் களத்தில் அவர் பெயர் பெரிதாக அடிபடவில்லை. 1955 ஜூலையில் இதே ஊரில் காலமானார்.