கட்-ஆஃப் தேதியை ஒட்டிப் பிறந்த பிள்ளை

பள்ளியில் சேர எந்த நாளுக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமோ, அதுதான் கட்-ஆஃப் தேதி. அது செப்டம்பர் 1 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 28இல் ஐந்து வயது முடிந்த பிள்ளையும், இன்னும் இரண்டு நாளில் ஆறு முடியப்போகிற பிள்ளையும் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிண்டர்கார்டனில் ஒரே மேஜையில் உட்காரும். அறுபது மாதமே ஆன குழந்தைக்கு ஒரு வருஷ இடைவெளி என்பது பிறந்ததிலிருந்து வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. "இந்த வருஷமே போடலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?" என்ற தவிப்பு இதிலிருந்துதான் வருகிறது.

தவிப்பு நியாயமானதுதான். 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளில் பத்தாயிரத்துக்குச் சுமார் 85 பேருக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருப்பதாகக் கண்டறியப்பட்டிருந்தது. செப்டம்பரில் பிறந்தவர்களில் சுமார் 64 பேர். அந்தக் கட்-ஆஃப் இல்லாத மாநிலங்களில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. வயதுக்கேற்ற துறுதுறுப்பு, பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் கோளாறாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று: நீங்கள் நிறுத்திவைத்தால் கடைசிக் குட்டி என்ற இடம் வேறொரு பிள்ளைக்குப் போகும், அவ்வளவே. பெரிய பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இருக்கும் படிப்பு முந்துதலும் மேல் வகுப்புகளில் பெருமளவு சுருங்கிவிடுகிறது.

எதைப் பார்த்து முடிவெடுப்பது? எழுத்தும் எண்ணும் கடைசியில். அதைச் சொல்லித்தரத்தானே வகுப்பு. உயரம் குறைவு, பையன், கூச்ச சுபாவம் என்பதெல்லாம் தனியாக எடுத்தால் காரணமே இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள்: மூடியைக் கொஞ்சம் இறுக்கி, சாப்பாட்டு டப்பாவைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். உதவிக்குப் போகாதீர்கள். முதல் தடவை திறக்கவில்லை. அப்புறம் என்ன செய்கிறது? மேஜையில் ஊன்றித் திருப்பிப் பார்க்கிறதா, "திறந்து கொடு" என்று வந்து நிற்கிறதா, தூக்கி எறிகிறதா, வாய் திறக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறதா? முதல் இரண்டும் போதும். நான்காவதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. எறிகிற பிள்ளையை ஆசிரியர் கவனித்துவிடுவார். பேசாமல் இருக்கிற பிள்ளை பசியோடு வீட்டுக்கு வரும். இதேபோல பாத்ரூம் போய்த் தானே சுத்தம் செய்துகொள்வது, "பையை மாட்டிவிட்டு வந்து உட்கார்" போன்ற இரண்டு படிச் சொல்லைக் கேட்டுச் செய்வது, ஒரு கதைக்குப் பத்து நிமிஷம் உட்காருவது, பழக்கமான வேறொருவரிடம் விட்டால் கொஞ்ச நேரத்தில் சமாதானமாவது என்று இவற்றையும் கவனியுங்கள். ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு வாரம் பாருங்கள்.

பேச்சு புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகளோடு ஒட்டவே இல்லை என்றால் பொறுத்திருப்பது தவறான மருந்து. முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்து, வளர்ச்சி மதிப்பீடு செய்யுங்கள். சிறப்பு உதவி பள்ளி வழியாகக் கிடைக்கிற இடத்தில், சேர்க்காமல் விட்டால் அந்த உதவியும் தள்ளிப்போகலாம்.

பள்ளியில் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: "அடுத்த வருஷம் வந்தால் கிண்டர்கார்டனிலேயே சேர்ப்பீர்களா, வயதைப் பார்த்து நேரே ஒன்றாம் வகுப்பில் போடுவீர்களா?" சில இடங்களில் இரண்டாவதுதான் நடக்கும். அப்போது காத்திருந்த வருஷம் முழுக்க வீண். கட்டாயக் கல்வி வயது எப்போது தொடங்குகிறது என்பதையும் விசாரியுங்கள். தேதி முடிவதற்குள் பதிவு செய்து வையுங்கள்; முடிவைப் பள்ளி திறப்பதற்குச் சில வாரம் முன்புவரை தள்ளலாம். இந்த வயதில் ஆறு மாதத்தில் பிள்ளை ஆளே மாறிவிடும்.

நிறுத்திவைப்பதானால், அந்த வருஷம் பிள்ளை காலை பத்து மணிக்கு எங்கே, யாரோடு இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். நல்ல ப்ரீஸ்கூல், சம வயதுப் பிள்ளைகள், ஓடியாட இடம் என்று எழுத முடிந்தால் சரி. "வீட்டில் டிவி முன்னால்" என்றுதான் வருமென்றால் பள்ளியே மேல். இன்னொரு வருஷத்துப் பராமரிப்புச் செலவையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

சேர்த்துவிட்டீர்கள் என்றால், முதல் சில வாரம் மாலையில் சிணுங்கலும் அடமும் இருக்கும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியரிடம் "அழுகிறானா?" என்று கேட்டுப் பயனில்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போன பிறகு அழுகை எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது, அந்த நிமிஷம் வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று கேளுங்கள்.