கிரீன்லா திரும்பி வந்த இரவு

2024 சீசனில் அமெரிக்கக் கால்பந்து அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 6 ஆட்டங்களில் ஜெயித்து 11-இல் தோற்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டி அணியோடு கூடுதல் நேரம் வரை மல்லுக்கட்டி 25-22 என்று கோட்டை விட்டிருந்தார்கள். அதனால் இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று, அவர்கள் மைதானம் இருக்கும் சாண்டா கிளாராவில், எங்கள் ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. கடைசியில் தங்கள் பிரிவிலேயே கடைசி இடம்.

காயம்தான் முதல் காரணம், அதை யாரும் மறுக்க முடியாது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி குதிகால் பிரச்சினையால் முதல் 8 ஆட்டங்களில் இல்லை, திரும்பி வந்த நாலாவது ஆட்டத்திலேயே பஃபலோவின் பனியில் முழங்கால் போய்விட்டது. பிராண்டன் ஐயூக்குக்கு அக்டோபரிலேயே முழங்காலில் தசைநார் கிழிந்தது. ரிக்கி பியர்சால் சீசன் தொடங்கும் முன்பே வழிப்பறி முயற்சியில் மார்பில் குண்டு பாய்ந்து பிழைத்து வந்தவர்.

ஆனால் என் மனதில் தங்கிவிட்டது டிசம்பர் 12 இரவுதான். மழையில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியோடு ஆட்டம், 12-6 தோல்வி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச் டவுன் ஒன்றைக்கூட இரண்டு அணியும் போடவில்லை. சூப்பர் பௌலில் குதிகால் தசைநார் அறுந்த ட்ரே கிரீன்லா அன்றைக்குத்தான் திரும்பி வந்தார். அதுவரை அவர் இடத்தில் ஆடிவந்த டிவாண்ட்ரே கேம்பலை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது குவார்ட்டரில் கிரீன்லா வெளியே வர, கேம்பலை இறங்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். ஆட்டம் முடியும் முன்பே கழுத்தில் துண்டோடு உள்ளே நடந்து போய்விட்டார். மீதி 3 ஆட்டங்களுக்கும் சஸ்பென்ஷன்.

மறுநாள் ஆபீஸில் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். களத்தில் இருக்கும்போது கூட இருப்பவர்களை விட்டுவிட்டுப் போவது தப்பு, அதில் எனக்கும் சந்தேகமில்லை. அதே அணியில் ஃபிரெட் வார்னர் கணுக்கால் எலும்பு முறிவோடு நாலாவது வாரத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்தார். ஆனாலும் என்னால் திட்ட முடியவில்லை. காரணம், முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் பார்த்தது.

எங்கள் குழுவில் ஒரு சீனியர் உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் போனார். அவர் வேலையை ஒரு கான்ட்ராக்ட் பையன் எடுத்துக்கொண்டான். மதுரைக்காரன். ராத்திரியில் மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வேலை, வாடிக்கையாளர் அழைப்பு, எல்லாம் அவன் தலையில். சீனியர் திரும்பிய அன்று காலை இரண்டு வரி மெயில் வந்தது: இன்றிலிருந்து பழையபடி அவர் பார்ப்பார். பையனின் பெயர்கூட அதில் இல்லை. ரிலீஸ் மீட்டிங் அழைப்பிலிருந்தும் அவனை எடுத்துவிட்டார்கள், அது காலண்டரில் காணாமல் போனதைப் பார்த்துத்தான் அவனுக்கே விஷயம் தெரியும். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர் படுத்துக்கொண்டது, சீனியர் போனை எடுக்கவில்லை, மேனேஜர் இவனைக் கூப்பிட்டார். வந்தான், விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தான், அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். கிளம்பும்போது, "வேலையத் திருப்பிக் கொடுத்ததுல வருத்தமில்லண்ணா, ஒருத்தரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லல" என்றான்.

கேம்பலிடம் பயிற்சியாளர்கள் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. 2021-இல் கிரீன் பேயில் இருந்தபோது லீகின் சிறந்த லைன்பேக்கர்களில் (தடுப்பாட்டக்காரர்கள்) ஒருவராக, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல் ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்த மனிதர் அவர். அப்படிப்பட்ட ஒருவரை இன்னொருவர் வரும்வரைக்கும் மட்டும் என்று வைத்திருந்தால், பெஞ்சுக்கு அனுப்பும் வாரத்தில் அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு நிறையவே இருக்கும். அந்தக் கிரீன்லாவும் அடுத்த மார்ச்சில் டென்வர் அணிக்குப் போய்விட்டார்.

இப்போது இருக்கும் குழுவில் யாராவது நீண்ட விடுப்பு முடிந்து திரும்புகிறார்கள் என்றால், மெயில் போவதற்கு முன் அந்த இடத்தை நிரப்பியவரோடு பேசியாயிற்றா என்று மேனேஜரிடம் கேட்டுவிடுகிறேன். பேசவில்லை என்றால் மெயில் ஒரு நாள் தாமதமாகப் போகட்டும் என்கிறேன், அவரும் இதுவரை ஒத்துக்கொண்டுதான் வருகிறார்.