அது போற பக்கமே நீயும் போ

ஓவர்ஹெட் கிரேனின் பெண்டன்ட்டை, அதாவது கிரேனை ஓட்டும் பட்டன் பெட்டியை, முதன்முதலில் கையில் வாங்கிய அன்று எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு வேலைதான். இரண்டு டன் வார்ப்பு ஒன்றைத் தூக்கி, கொஞ்ச தூரம் நகர்த்தி, தரையில் போட்டிருந்த மரக்கட்டைகள் மேல் இறக்க வேண்டும். தூக்கினேன், நகர்த்தினேன், பட்டனை விட்டேன். கிரேன் நின்றது, வார்ப்பு நிற்கவில்லை. அது பாட்டுக்கு முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது. பதறிப்போய் எதிர்ப்பக்க பட்டனை அழுத்தினேன், ஆட்டம் இன்னும் கூடியது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அண்ணன், "அதோட சண்டை போடாத தம்பி, அது போற பக்கமே நீயும் போ" என்றார்.

செய்தும் காட்டினார். வார்ப்பு முன்னால் போகும்போது கிரேனையும் அதே பக்கம் ஒரு தட்டு தட்டினார். வார்ப்பு எல்லைக்குப் போய் ஒரு கணம் தயங்கி நிற்குமே, அந்தக் கணத்தில் கிரேன் சரியாக அதன் தலைக்கு மேலே வந்து நின்றது. ரோப் செங்குத்து, வேகம் பூஜ்யம், ஆடுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. கட்டைமேல் பூப்போல இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளியில் தனி ஊசல் சோதனையை எல்லோரும் செய்திருப்போம். இருபது அலைவுகளை எண்ணி, ஸ்டாப் கிளாக்கைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கியதோடு சரி. அந்தக் குண்டும் இந்த இரண்டு டன் வார்ப்பும் ஒரே சாதி என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு: ரோப்பின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் ஒரு முழு ஆட்டத்துக்கான நேரம் வினாடிகளில் வந்துவிடும். 9 மீட்டருக்கு 6 வினாடி, 25 மீட்டருக்கு 10 வினாடி. எடை இந்தக் கணக்கில் வரவே வராது. இரண்டு டன்னோ இருநூறு டன்னோ, ரோப்பின் நீளம் ஒன்றென்றால் தாளமும் ஒன்றுதான். (கொக்கியும் கப்பிகளும் சேர்ந்த கனமான ஹூக் பிளாக்குக்குக் கீழே, சுமையைக் கட்டும் ஸ்லிங்கை நீளமாகப் போட்டுத் தூக்கினால் ஊசலுக்குக் கீழே இன்னொரு ஊசல், இரண்டு தாளம். அது தனித் தலைவலி.)

தாளம் தெரிந்துவிட்டால் ஆட்டத்தைப் பிறக்காமலேயே தடுக்கலாம். 9 மீட்டர் ரோப்பில் தொங்கும் சுமையை ஒரே சீரான முடுக்கத்தில் சரியாக 6 வினாடி இழுத்துப் பாருங்கள்; முதலில் பின்தங்கும், பிறகு எட்டிப் பிடிக்கும், ஆறாவது வினாடியில் கிரேனின் வேகத்திலேயே நேர் கீழே வந்து தொங்கும். வேகத்தைக் குறைக்கும்போதும் இதே கதை. இன்னொரு வழி, தள்ளவேண்டிய தள்ளை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதிக்கு 3 வினாடி கழித்து இரண்டாம் பாதியைக் கொடுப்பது. இரண்டும் ஆளுக்கொரு ஆட்டத்தைக் கிளப்பும், ஆனால் ஒன்றின் முகட்டில் இன்னொன்றின் பள்ளம் விழுந்து இரண்டுமே காணாமல் போகும். 1957இல் ஓட்டோ ஸ்மித் என்ற பொறியாளர் இதைக் கட்டுப்பாட்டு முறையாக எழுதிவைத்தார். ஆட்டத்தைத் தானே அடக்கும் இன்றைய கிரேன்கள் பலவற்றில் இருப்பது இதன் வாரிசுகள்தான்.

இதெல்லாம் கிரேன் திடமான தரையில் நிற்கும்வரை. கடலில் மிதக்கும் கிரேனில் பட்டனை அழுத்துவது நாம் மட்டும் இல்லை, அலையும் அழுத்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆழ்கடல் அலைக்கும் ஊசலுக்கும் ஒரே சூத்திரம் என்றே சொல்லலாம், இரண்டையும் திரும்ப இழுப்பது புவியீர்ப்பு, இரண்டிலும் நிறை அடிபட்டுப் போய்விடும். ஓர் அலையின் நீளத்தை 2π-ஆல் வகுத்தால் வரும் நீளத்துக்கு ஒரு ஊசலைக் கட்டுங்கள், அது அந்த அலையோடு சேர்ந்தே ஆடும். 10 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். வகுத்தால் 25 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது கடலில் சர்வ சாதாரணமாக வரும் ஓர் அலையும், கிரேனில் சர்வ சாதாரணமாகத் தொங்கும் ஒரு ரோப்பும் ஒத்ததிர்வில் சந்தித்துக்கொள்ளும். படகு கொஞ்சம் ஆடினால் போதும், ஒவ்வொரு அலைக்கும் சுமையின் வீச்சு ஏறிக்கொண்டே போகும். காற்றில் தொங்கும் இரும்புக்கு உராய்வு என்று பெரிதாக எதுவும் இல்லை.

சரி, நீளமான ரோப்பில் தூக்கினால் தப்பிக்கலாமே என்றால், 60 மீட்டரில் ஆரம்பித்தாலும் தூக்கத் தூக்க ரோப் சுருங்கி, தாளம் பதினைந்தரை வினாடியிலிருந்து இறங்கி, ஒரு கட்டத்தில் அந்த 10-ஐக் கடந்துதான் மேலே போக வேண்டும். அந்த இடத்தில் நின்று யோசிக்கக் கூடாது, விறுவிறுவென்று தாண்டிவிட வேண்டும். போதாததற்கு, ஆடிக்கொண்டிருக்கும் ரோப்பைச் சுருக்கினால் அது சாயும் கோணம் கூடவும் செய்யும்.

2019இல் வேலைக்கு வந்த ஸ்லைப்னிர் என்ற கிரேன் கப்பலில் 10,000 டன் தூக்கும் கிரேன்கள் இரண்டு இருக்கின்றன. மிதவைகளை நீருக்கடியில் அமுக்கிவிட்டு, மெலிந்த தூண்கள் மட்டும் நீர்மட்டத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் அரைமூழ்கி வகை அது. அலை ஏறி இறங்கும்போது பிடித்துத் தூக்க அங்கே பரப்பு அதிகம் இல்லை, அதனால் இந்த வகைக் கலங்கள் மேலும் கீழும் ஆடும் இயல்பான தாளம் 20 வினாடிக்கும் மேல் போய்விடும். வழக்கமான அலைகள் அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

அண்ணன் இதில் ஒரு சூத்திரத்தையும் படித்தவர் இல்லை. நான் இப்போதும் எங்கே டவர் கிரேனைப் பார்த்தாலும் மனசுக்குள் வினாடி எண்ணுகிறேன். 8 வந்தால் பாதி 4, நாலு நாலு பதினாறு, ரோப் 16 மீட்டர்.