கையை மட்டும் கொஞ்சம் கீழே

"கையை மட்டும் கொஞ்சம் கீழ வச்சுக்கோங்கம்மா."

அன்று நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்திச் சொல்லவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பதினெட்டு வருஷம் செய்தி வாசித்தவள் நான். அதற்கப்புறம் டாக்டர்கள், வக்கீல்கள், வங்கி மேலாளர்கள் என்று எத்தனையோ பெண்களைக் கேமரா முன்னால் பேசப் பழக்கியிருக்கிறேன். இதே வார்த்தையை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். அவரிடம் சொன்னது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அவர் பூச்சியியல் படித்த அதிகாரி. மக்காச்சோளப் படைப்புழு பற்றி விவசாயிகளுக்கு நாலு நிமிஷ வீடியோ எடுக்க வந்திருந்தார். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே வருஷம் நம் பக்கத்து மக்காச்சோள வயல்களுக்கும் வந்துவிட்ட புழு அது. அந்தப் பருவம் முழுக்க வயலிலேயே நின்றவர் அவர். லைட் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எனக்கு விளக்கினார். இடது கையைக் கிண்ணம் மாதிரி குவித்தார். அது பயிரின் குருத்து. வலது ஆள்காட்டி விரலை வளைத்து அதற்குள் மெதுவாக இறக்கினார். அது புழு.

"பகல்ல இங்க உள்ள போய் உட்காந்துக்கும் மேடம். மேல நாம பாக்குறது அது போட்ட எச்சம், மரத்தூள் மாதிரி இருக்கும். இலை மேல மட்டும் மருந்தை அடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டா, அது உள்ள நல்லாத்தான் இருக்கும். மருந்து இங்க இறங்கணும்."

'இங்க' என்று சொன்னபோது அந்த விரல் போன வழியிலேயே இன்னொரு தடவை விரலை விட்டுக் காட்டினார். மக்காச்சோளத்தை நான் வேகவைத்துத் தின்றதோடு சரி. ஆனால் அந்தப் புழு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் கேமரா முன்னால் உட்கார்ந்தார். மிட் ஷாட், அதாவது இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும். படத்தின் கீழே தலைப்புப் பட்டை வரும். கை எழும்போதெல்லாம் அந்தப் பட்டைக்கு மேல் விரல் நுனி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பார்க்க நன்றாக இல்லை. கண்ணாடி வளையல் சத்தம் வேறு காலர் மைக்கில் விழுந்தது. வளையலைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். கையைக் கீழே வைக்கச் சொன்னேன். அப்போதுதான் அவர் சொன்னார்:

"கையைக் கட்டிப் போட்டா எனக்கு வார்த்தை வராது மேடம்."

"வரும்மா, பழகிடும். கை ஆடினா ஜனங்க கையைத்தான் பாப்பாங்க, நீங்க சொல்றதைக் கேக்க மாட்டாங்க."

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே கையைப் பார்த்துத்தானே நானே புரிந்துகொண்டேன்! அப்படியிருந்தும் அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னேன்?

ஐந்தாவது டேக்கில் சரியாக வந்தது. விரல்களைக் கோத்து மடியில் வைத்திருந்தார். முதுகு நேராக, பார்வை லென்ஸை விட்டு விலகாமல், குரல் நிதானமாக. என்னிடம் கற்றவர்களில் ஒரே நாளில் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டவர் குறைவு. பார்த்த எல்லோரும் "எவ்வளவு தன்னம்பிக்கையா பேசுறாங்க" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். "மருந்து இங்க இறங்கணும்" என்று என்னிடம் சொன்னவர், கேமராவில் "குருத்துப் பகுதியில் படுமாறு மருந்தினைத் தெளிக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தார். 'இங்க' போய்விட்டது. கை இல்லாமல் 'இங்க' என்று எப்படிச் சொல்வது? கையோடு சேர்ந்து அவருடைய பேச்சுத் தமிழும் போயிருந்தது. துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் வாக்கியத்தை ஒரு கம்பீரமான பெண் நல்ல உச்சரிப்போடு வாசித்த மாதிரி இருந்தது அந்த வீடியோ.

என் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் நிபுணர் பேசும் வீடியோவுக்குக் கீழே என்னென்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். புடவை, நிறம், வயசு, "டீச்சர் மாதிரி கையை ஆட்டுது" என்பது வரை. கசங்கின சட்டையோடு வந்து மேஜையைத் தட்டிப் பேசும் ஆண் அதிகாரியை யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு தும்மலை அடக்கிக்கொண்டு வாசித்ததை ஒரு மாதம் பேசினார்கள். அதனால் யாருக்கும் பிடி கொடுக்காத மாதிரி என் பெண்களை உட்கார வைக்கிறேன். அது அக்கறைதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த அக்கறையை நான் எங்கே கற்றேன் என்று யோசித்தால் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு மூத்தவர் சொன்னார்: "கழுத்துக்குக் கீழ நீ கிடையாதுன்னு நெனச்சுக்கோ." 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்ததிலிருந்து கேமரா முன் மரியாதையாக இருக்கும் பெண் என்றால் நமக்கெல்லாம் மனதில் வருவது செய்தி வாசிப்பவர்தான். அசையாத தோள், கையில் தாள், நேர்ப் பார்வை. சின்ன வயசில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே ஆசைப்பட்டேன். அந்த அசையாமைக்கு ஒரு காரணம் உண்டு. செய்தி எங்களுடையது கிடையாது. விபத்தோ தேர்தல் முடிவோ, எந்தப் பக்கமும் சாயாமல் சேர்த்துவிட்டு எழுந்து போக வேண்டும். இந்த அதிகாரியோ தன் கண்ணால் பார்த்ததை, தானே குருத்தைப் பிரித்துப் பார்த்ததைச் சொல்ல வந்தவர். அவரைப் போய் என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன்.

இப்படி எழுதும்போதே ஒரு வங்கி மேலாளர் ஞாபகத்துக்கு வருகிறார். கடன் திட்டம் பற்றிப் பேச வந்தவருக்கு விரல் நடுங்கியது. நடுங்குவது தெரிந்ததும் இன்னும் நடுங்கியது. கையை மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னதும் மூச்சு சீரானது, கடைசியில் தானே சிரித்தார். அவருக்கு அந்த அசையாமை உதவியது. அப்படியானால் நான் கற்பித்தது தப்பா, ஆள் பார்க்காமல் கற்பித்ததுதான் தப்பா? சில நாள் ஒரு பதில் வருகிறது, சில நாள் மற்றது.

இன்னொன்றையும் வருஷக்கணக்கில் கற்பித்தேன். உடம்பை விரித்து, அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிஷம் இருந்தால் உடம்பில் ஹார்மோனே மாறும், தைரியம் வரும் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. 42 பேரை வைத்துச் செய்தது. அதை நம்பி மேக்கப் அறையில் எத்தனை பெண்களை இடுப்பில் கை ஊன்றி, காலை அகட்டி நிறுத்தியிருப்பேன்! பிறகு அதிகம் பேரை வைத்து மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் கிடைக்கவில்லை. ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-ல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என வெளிப்படையாக எழுதிவிட்டார். படித்த அன்று ஹார்மோன் கதையை நிறுத்தினேன். ஆனால் நிற்கச் சொல்வதை நிறுத்தவில்லை. உட்கார்ந்து கூனிக்கொண்டு காத்திருப்பதைவிட நிமிர்ந்து நின்றால் மூச்சு ஆழமாக இறங்குகிறது, குரலில் அது தெரிகிறது. அது நான் காதால் கேட்டது.

கை விஷயத்துக்கு மட்டும் எந்த ஆய்வும் தேடாமலே இருந்திருக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூடப் பேசும்போது கையை அசைக்கிறார்கள், எதிரே இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தும் அசைக்கிறார்கள் என்று 1998-லேயே நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது இப்போதுதான். அப்படியென்றால் கை அசைவது பார்ப்பவருக்காக மட்டும் கிடையாது, பேசுகிறவர் யோசிப்பதற்கும்தான். "எனக்கு வார்த்தை வராது" என்று அவர் அதைத்தானே சொன்னார். நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். "அண்ணா, மூணடி பின்னால வைங்க" என்று கேமராமேனிடம் சொல்லியிருந்தால் இரண்டு கையும் முழுசாகப் படத்துக்குள் வந்திருக்கும். விரல் நுனி எட்டிப் பார்ப்பதுதானே அசிங்கமாக இருந்தது. அன்று ஆறு மணிக்குள் இன்னும் நாலு பேரை எடுக்க வேண்டியிருந்தது, லைட்டை மறுபடி மாற்ற நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையும்கூட. ஆனால் நேரம் இருந்திருந்தாலும் எனக்கு அந்த யோசனை வந்திருக்குமா? கேமராவை நகர்த்தலாம் என்றே அன்று தோன்றவில்லை. அவரை நகர்த்தத்தான் தோன்றியது.

எட்டு மாதம் கழித்து அவரே ஒரு வீடியோ அனுப்பினார். வயலில் யாரோ போனில் எடுத்தது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். காற்றுச் சத்தம் பாதிப் பேச்சை விழுங்கியது. வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால் முகம் கறுத்துத் தெரிந்தது. போனுக்கு ரொம்பக் கிட்டே நீட்டியதால் கை முகத்தளவு பெரிதாக இருந்தது. ஆனால் அதே கிண்ணம், அதே விரல். இந்தத் தடவை கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே நிஜக் குருத்தையும் பிரித்துப் பிடித்திருந்தார். உள்ளே புழு நெளிந்தது. "இங்க இறங்கணும்" என்றார்.

மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை எனக்குத் தோன்றியது, வெயிலைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கலாமே என்பதுதான்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டிருந்தார். முகத்தில் வெயில் படுகிற மாதிரி நில்லுங்கள், உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், போனைக் கண் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள் என்று பதில் எழுதினேன். எல்லாம் சரியான யோசனைகள்தான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நன்றி மேடம். கை ரொம்ப ஆடுதா?"

'இல்லை' என்று மட்டும் போட்டேன். அதோடு எழுத வேண்டியது இன்னும் இருந்தது. அதை அவருக்கு இதுவரை எழுதவில்லை.