ஷட்டர் ஏறவில்லையா? ரிமோட்டை வைத்துவிட்டுக் கைச்செயினை இழுங்கள்

சேலத்தில் வீட்டு கார் ஷெட்டுக்கும் சரி, செவ்வாய்ப்பேட்டை குடோனுக்கும் சரி, கதவு என்றால் சுருண்டு ஏறுகிற இரும்பு ஷட்டர்தான். 10 அடி அகலம், 8 அடி உயரம், 18 கேஜ் தகடு என்று வைத்துக்கொண்டால் எடை சுமார் நூறு கிலோ வரும். அது பாதியில் நின்றாலோ தரையை விட்டு எழும்பவே மறுத்தாலோ, வீட்டுக்காரர் முதலில் செய்வது ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான். மோட்டார் எரிவது, செயின் அறுவது, அடிப்பட்டை வளைவது எல்லாம் பெரும்பாலும் அந்த அழுத்தலில் நடக்கிறவை. முதலில் இருந்த கோளாறு அநேகமாகச் சின்னதாகவே இருந்திருக்கும்.

மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பூட்டைப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மோட்டார் ஷட்டரில் அடிக்கடி பார்க்கிற கேஸ் இதுதான். முன்பு கையால் தூக்கிய ஷட்டருக்குப் பிறகு மோட்டார் மாட்டியிருப்பார்கள், பழைய பூட்டு அப்படியே இருக்கும். நடுப் பூட்டில் சாவியைத் திருப்பினால் இரண்டு கம்பிகள் இடமும் வலமும் ஓடி, ஷட்டரின் ஓரங்கள் ஏறி இறங்கும் கைடு சேனலுக்குள் நுழையும். திறக்கும்போது ஒரு கம்பி திரும்பி வந்து, மற்றது துருப்பிடித்து உள்ளேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டு திறந்த மாதிரியே இருக்கும். இரண்டு ஓரத்திலும் டார்ச் அடித்துக் கம்பி முனையைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. சாவித் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் சகஜம். அதில் எண்ணெய் ஊற்றினால் மண் குழைந்து இன்னும் இறுகும். கம்பியால் சுரண்டி எடுத்து, கிராஃபைட் தூள் போடுங்கள். மோட்டார் இருக்கிற ஷட்டரில் இந்தக் கம்பிகளைக் கழற்றிப் போட்டுவிடுவதே நல்லது. பூட்டு வேண்டும் என்பவர்கள், பூட்டியிருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாதபடி ஒரு ஸ்விட்சை இணைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டு சரி என்றால் கைச்செயின். பக்கவாட்டில் மாட்டிய சைடு மோட்டாரில் கீழே தொங்கும் வட்டச் செயினை இழுத்தால் கரண்ட் இல்லாமலே ஷட்டர் ஏறும். மெதுவாக ஏறும், கை வலிக்கும், அவ்வளவுதான். சீராக ஏறினால் இரும்பில் குறை இல்லை, கோளாறு கரண்ட் பக்கம். ஒரே இடத்தில் இறுகி நின்றால் கோளாறு சேனலிலோ ஷட்டரின் தகட்டுப் பட்டியிலோ. முழு வேலையையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிற சோதனை இது, ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பல மோட்டார்களில் அதே இடத்தில் பிரேக்கை விடுவிக்கும் கயிறோ கைப்பிடியோ தொங்கும். அதை இழுத்தால் ஷட்டர் தன் எடையில் கீழே இறங்கும். இரண்டையும் மாற்றி இழுத்துவிடாதீர்கள். அடியில் ஆளோ வண்டியோ நிற்கக் கூடாது.

கரண்ட் பக்கம் என்று தெரிந்தால், மெயினைப் போட்டு முதலில் சுவர் ஸ்விட்சை அழுத்துங்கள். ஸ்விட்சில் ஓடி ரிமோட்டில் ஓடாவிட்டால் அநேகமாக ரிமோட் பேட்டரிதான். பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும், 23ஏ அல்லது 27ஏ என்று எழுதியிருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பருமன் வேறு, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். இரண்டிலும் ஓடவில்லை, மோட்டாரில் சத்தமே இல்லை என்றால் உடனே கழற்றாதீர்கள். தொடர்ந்து நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்பவும் ஓடும். பிள்ளைகள் ரிமோட்டை எடுத்து விளையாடிய வீடுகளில் இதுதான் நடந்திருக்கும். ஆறியும் ஓடவில்லையா, மெயினை அணைத்துவிட்டுக் கன்ட்ரோல் பெட்டியைத் திறங்கள். பல்லி போர்டில் ஒட்டிச் செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் எறும்பு ரிலேவுக்குள் புகுந்திருக்கும். வயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டதன் பலன் அது.

'உம்' என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டர். கூடவே வோல்டேஜையும் பாருங்கள், 190க்குக் கீழே இருந்தால் நல்ல மோட்டாரும் முனகும். புது கெப்பாசிட்டர் பழையதன் உடம்பில் எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபேரட் அளவில் இருக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் பலமாக இழுக்கும் என்று சிலர் மாட்டுகிறார்கள், காயில்தான் சூடாகும். மெயின் ஆஃப் ஆனபிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

லிமிட் ஸ்விட்ச் கோளாறு வேறு ரகம். ஷட்டர் தரையைத் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். கீழ் லிமிட் நகர்ந்துவிட்டால் மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மேல் பெட்டிக்குள் பட்டிகள் தளர்ந்து, கடைசியில் ஷட்டர் சுருளும் பைப்பில் தலைகீழாகச் சுற்ற ஆரம்பிக்கும். அடுத்த நாள் 'மேலே' அழுத்தினால் ஷட்டர் முதலில் தொய்ந்து இறங்கும், பெட்டியில் கடமுட சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். பெட்டி மூடியைக் கழற்றி, சுருள் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்து, கைச்செயினால்தான் திருப்ப வேண்டும். லிமிட்டைத் திருத்தும்போதும் ஷட்டரைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரிபார்க்க வேண்டும்.

குடோன்களில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்தால், லைன் வேலை நடந்த மறுநாள் மட்டும் கூடுதல் கவனம் தேவை. இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால் 'மேலே' அழுத்த ஷட்டர் கீழே போகும். லிமிட்டும் தப்பான பக்கத்தில் வேலை செய்யும் என்பதால் நிறுத்த ஆள் இருக்காது. 'மேலே' ஒரு நொடி, 'கீழே' ஒரு நொடி அழுத்தி, திசை சரியா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கைச்செயினும் இறுகினால் இரும்பு வேலை. இதில் அதிகம் பார்ப்பது பட்டி நகர்வது. ஷட்டர் பட்டிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கோத்தவை, ஓரத்தில் கிளிப் இல்லாவிட்டால் பக்கவாட்டில் நழுவும். ஒரு விரற்கடை நழுவினால் போதும், பட்டியின் முனை கைடு சேனலின் அடிச்சுவரில் உராயும். சேனலுக்குள் டார்ச் அடித்தால், உராய்ந்த இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும். எதிர்ப் பக்கம் அதே பட்டி சேனலுக்குள் சரியாக எட்டாமல் நிற்கும். மோட்டாரை அணைத்து, அந்தப் பட்டி மார்பு உயரத்துக்கு வரும்படி செயினால் நிறுத்துங்கள். முனையில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நேராக இரும்பில் அடித்தால் கொக்கி நசுங்கி, பட்டி பிறகு சுருளாது. சரியான பிறகு ஒன்று விட்டு ஒரு பட்டிக்கு இரண்டு ஓரத்திலும் கிளிப் ரிவெட் அடித்தால் மறுபடி நழுவாது.

சேனலில் கிரீஸ் பூசுவது எங்களுக்குக் கோபம் வரவழைக்கிற பழக்கம். மாக்னசைட் சுரங்கம் பக்கம் வெள்ளைத் தூசி, ஜவ்வரிசி ஆலையில் மாவு, இரண்டும் கிரீஸில் ஒட்டிக் கெட்டியாகிச் சேனலின் இடைவெளியையே குறைத்துவிடும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகைத் தேய்த்தால் போதும். கிரீஸ் செயினுக்கும் பைப் முனை பேரிங்குக்கும் மட்டும்.

ஸ்பிரிங் வைத்த கை ஷட்டரில் சோதனை இன்னும் சுலபம். இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கீழே இழுத்தால் தளர்ந்திருக்கிறது, மேலே துள்ளினால் அதிகம் முறுக்கியிருக்கிறது. ராத்திரி 'டங்' என்று சத்தம் கேட்டு, காலையில் ஷட்டர் கனத்தால் ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருக்கிறது. வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தூக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் முந்தினால் ஷட்டர் கிராஸ் ஆகிச் சேனலில் கடித்துக்கொள்ளும். பைப்பின் போல்ட்டை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் அவிழும் வேகத்தில் பைப் ரெஞ்ச் கையிலிருந்து பறந்து மணிக்கட்டை உடைக்கும்.

ஏற்காட்டில் கணக்கே வேறு. பனியும் சாரலும் சேனலின் அடியில் தேங்கும். அங்கே துரு உப்பி, அடிப்பட்டையைப் பிடித்துக்கொள்ளும். காபி ஸ்டோர்களில் சில மாதம் மூடியே கிடக்கும் ஷட்டர் பழம் பறிக்கும் நேரத்தில் திறக்காமல் போவது இதனால்தான். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, அடிப்பட்டையின் கீழே கடப்பாரையை இரண்டு முனையிலும் மாறி மாறி வைத்து மயிரிழை மயிரிழையாக நெம்ப வேண்டும். திறந்த பிறகு சேனல் அடியில் நீர் வடிய அரை இஞ்ச் ஓட்டை போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை சும்மாவாவது ஏற்றி இறக்குங்கள். புதிதாக வாங்குவதானால் மலைக்குப் பெயிண்ட் தகடு வேண்டாம், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வாங்குங்கள்.

ஷெட்டுக்கு வேறு வழி இல்லாத வீடுகளில் கைச்செயின் உள்ளே மாட்டிக்கொள்ளும். மோட்டார் போடும்போதே வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்து இயக்கும் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது அகலம், உயரம், மோட்டார் எத்தனை கிலோ தூக்கும், சிங்கிள் ஃபேஸா மூன்று ஃபேஸா, கைச்செயின் இறுகியதா இளகியதா என்ற ஐந்தையும் போனிலேயே சொல்லிவிட்டால், அவர் சரியான சாமானோடு வருவார்.