பங்களாவ விடுங்க, குவார்ட்டர்ஸ் பக்கம் போங்க

பழைய சாமான் வாங்கி ஆன்லைன்ல ஏலத்துக்கு விடுறேன்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான், "குன்னூர்லயே இருக்கீங்க, வெள்ளக்காரன் பங்களா அத்தன கெடக்கு, ஆன்டிக்கா அள்ளி ஈபேல போட வேண்டியதுதானே?" அள்ளலாம்ங்க, அள்ளிட்டு அப்புறம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கலாம்.

முதல்ல அந்த ஆசைய முடிச்சு விட்டுடறேன். 1972ல ரெண்டு சட்டம் வந்துச்சு. ஒண்ணு தொல்பொருள் சட்டம், நூறு வருஷம் தாண்டுன சிலை, ஓவியம், நாணயம், கைவேலப்பாடு எல்லாம் அதுக்குள்ள வந்துரும், முக்கியமான கையெழுத்துப் பிரதின்னா 75 வருஷமே போதும். அத வெளிநாட்டுக்கு அனுப்ப நம்மள மாதிரி ஆளுக்கு வழியே இல்ல, உள்ளூர்ல வியாபாரம் பண்றதுக்கே லைசென்ஸ் வேணும். கோயமுத்தூர் கலெக்டரா இருந்த வெள்ளக்காரன் சல்லிவன் துரை கோத்தகிரி ஏறுனது 1819ல, அதுக்கப்புறம் இங்க வந்து எறங்குன நல்ல சாமான்ல பாதிக்கு மேல இப்ப நூறு வருஷத்த தாண்டியாச்சு, அதுவும் அந்தக் கோடு ஒரே எடத்துல நிக்காது, வருஷா வருஷம் முன்னாடி நகரும், போன வருஷம் வித்த மாதிரியே ஒரு பொருள இந்த வருஷம் விக்க முடியாமப் போகலாம்.

ரெண்டாவது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். ஊட்டி பக்கம் பழைய வீடுன்னா செவுத்துல காட்டெருமைத் தல, கடமான் கொம்பு, பொட்டியில புலித்தோல் இதெல்லாம் இல்லாம இருக்காது. தொடாதீங்க. காட்டுல தானா உதிர்ந்து கெடந்த மான் கொம்புன்னாலும் கேஸ் கேஸ்தான். இதுல நாம கவனிக்காம விடுறது சின்ன சாமான், கொம்புல கைப்பிடி போட்ட கத்தி செட்டு, பழைய பியானோல தந்தத்துல பண்ணுன கீ, இந்த மாதிரி. ஈபே 2009லயே தந்தம் விக்கக்கூடாதுன்னு தடை போட்டாச்சு, லிஸ்டிங் தூக்குறது மட்டும் இல்ல அக்கவுண்ட்டே போயிரும். அப்புறம் மலை ரயில் விளக்கு, பித்தளை பேட்ஜ்னு ஒருத்தர் கொண்டு வந்து நீட்டுவார். போலியா இருந்தா காசு தண்டம், அசலா இருந்தா ரயில்வே சொத்து, அதுக்குன்னே 1966ல ஒரு சட்டம் இருக்கு. ரெண்டு பக்கமும் அடி.

சரி அப்ப எங்கதான் வாங்குறது? குவார்ட்டர்ஸ்ல. இந்த மலையில கவர்மென்ட் சம்பளம் வாங்குன குடும்பம் எத்தனன்னு யோசிச்சுப் பாருங்க. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, வெலிங்டன் கன்டோன்மென்ட், ஊட்டி இந்து நகர்ல ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், டீச்சருங்க, போஸ்டல் ஆளுங்க. 60லருந்து 80 வரைக்கும் மாசா மாசம் சம்பளம் வந்த வீடு, கேமரா, வாட்ச், ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் எல்லாம் காசு குடுத்து வாங்கி, பில்லோட, டப்பாவோட, துணியில சுத்தி பீரோல வெச்ச வீடு. கவர்மென்ட் சம்பளக்காரன் டப்பாவத் தூக்கிப் போட மாட்டான், அந்தக் கொணம்தான் நமக்கு லாபம். இப்ப பிள்ளைங்க எல்லாம் கோயமுத்தூர், திருப்பூர், பெங்களூர்ல, அம்மா அப்பாவ கீழ கூட்டிட்டுப் போறாங்க, போறப்ப பீரோ காலியாகுது. பழைய இரும்புக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி நாம போய் நின்னா சரி.

இதுல எனக்குப் புடிச்சது இந்து ஃபிலிம். எச்பிஎஃப், அதாவது அந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இந்து பேர்லதான் வந்துச்சு. நம்ம அப்பா அம்மா காலத்து கல்யாண ஆல்பத்துல எத்தனையோ அந்தப் பேப்பர்ல அடிச்சதுதான். ஃபேக்டரி மூடியாச்சு, ஆனா உலகம் முழுக்க டேட் முடிஞ்ச ஃபிலிம தேடி வாங்கி அதுல படம் எடுக்குற ஒரு கூட்டம் இருக்கு, கிரெய்ன், அதாவது படத்துல தெரியிற அந்தப் பொடிப்புள்ளி, எப்படி வருது பாக்கலாம்னு. அங்க வேல செஞ்ச ஒரு ஐயா வீட்டுல பரண்ல இருந்து ஒரு கட்டு எடுத்துக் குடுத்தார், "இத எடுத்துட்டுப் போயி என்னப்பா பண்ணுவ, டேட்டு முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு"ன்னார். "அதுக்காகத்தானுங்கய்யா வாங்குறாங்க"ன்னேன், என்னய கீழயும் மேலயும் பாத்தார்.

இதுல ஒரு விஷயம் மறக்கக்கூடாது, சீல் போட்ட போட்டோ பேப்பர் பாக்கெட்ட போட்டோ எடுக்குறேன்னு திறந்துறாதீங்க, வெளிச்சம் பட்ட நிமிஷம் அது வெறும் காகிதம். டப்பாவ நாலு பக்கமும் எடுங்க, டேட் அச்சடிச்ச எடம் தெளிவாத் தெரியணும், எங்க எப்படி வெச்சிருந்தாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. ஊட்டி குளிர் ஃபிலிமுக்கு நல்லது, ஈரம் கெட்டது, வாங்குறவனுக்கு அது தெரியும். காலி டப்பா கூட போகும்ங்க. ஈபே 1995ல ஆரம்பிச்சப்ப முதல்ல வித்த பொருளே ஒடஞ்சு போன லேசர் பாயின்ட்டர்தான்னு சொல்வாங்க, 14 டாலர் 83 சென்ட்டுக்கு. அந்த கதைய படிச்சதுல இருந்து நான் எதையும் குப்பைன்னு சொல்றதில்ல, வீட்டுல இதுக்கு சண்ட தனி.

கேமரான்னா மலையில பெரிய எதிரி பூஞ்சை. தென்மேற்கு மழை ஊட்டி கூடலூர நனைக்கும், ஐப்பசி கார்த்திகைல குன்னூர் கோத்தகிரி நனையும், நடுவுல மிஸ்ட்டு. லென்ஸ் உள்ள சிலந்தி வலை மாதிரி படர்ந்துரும். வாங்குறப்ப அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் உள்ள வெளிச்சம் போற ஓட்டைய, முழுசா திறந்து, பின்பக்கம் செல்போன் டார்ச் அடிச்சு, சாய்ச்சுப் பாருங்க, நேராப் பாத்தா தெரியாது. லேசா இருந்தா கிளீன் பண்ணலாம், கண்ணாடியோட கோட்டிங்கையே தின்னுருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, பார்ட்ஸ்னு சொல்லித்தான் விக்கணும். வாங்கி வந்தத மத்த லென்ஸோட ஒண்ணா வைக்காம தனி டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. அக்ஃபா கிளிக் த்ரீ நெறைய கெடைக்கும், 120 ஃபிலிம்ல பன்னெண்டு படம் எடுக்குற டப்பா கேமரா, இங்கயே இந்தியாவுல செஞ்சது, ஆனா அது எல்லார் வீட்டுலயும் இருந்ததால விலை ஏறாது, தோல் உறை, பில், மேனுவல் எல்லாம் சேந்து கெடைச்சா மட்டும் எடுங்க.

எச்எம்டி வாட்ச் எனக்கு தெனப்படி சோறு போடுற சாமான். ஜனதா, பைலட் இதெல்லாம் சாவி குடுக்குற வாட்ச், பேட்டரி தொல்லை இல்ல, கைக்குள்ள அடங்கும், தபால் செலவு கம்மி. 2016ல அந்த வாட்ச் கம்பெனிய மூடுறதுன்னு முடிவானதுக்கு அப்புறம் தேடுறவங்க கூடிட்டாங்க. கூடவே டூப்பும். பழைய மெஷின எடுத்து, கலர் கலரா புது டயல் அடிச்சுப் போட்டு ஈபேல கொட்டுறானுங்க, வெளிநாட்டுக்காரன் அதுக்கு "மும்பை ஸ்பெஷல்"னே பேரு வெச்சுட்டான். அதனாலதான் ரிட்டயர்டு ஆளு கையில இருந்து நேரா வர்ற, டயல் மங்குன, கண்ணாடி கீறுன வாட்சுக்கு மதிப்பு. தயவு செஞ்சு பாலிஷ் போடாதீங்க.

ரெக்கார்டு பத்தி தனியா எழுதணும், சுருக்கமா சொல்றேன். இங்க கன்டோன்மென்ட், கான்வென்ட், ஆங்கிலோ இந்தியன் வீடுன்னு இங்கிலீஷ் பாட்டு கேட்ட குடும்பம் நெறைய. இங்கிலாந்துல 60 வாக்குல 78 ஆர்பிஎம் அரக்கு தட்ட நிறுத்திட்டாங்க, நம்ம கல்கத்தா டம்டம் ரெக்கார்டு ஃபேக்டரி அதுக்கப்புறமும் அடிச்சுட்டே இருந்துச்சு, கிராமத்துல சாவி குடுக்குற கிராமபோன் பெட்டிதானே இருந்துச்சு. அதனால பீட்டில்ஸ் பாட்டு 78 தட்டுல இந்தியாவுல வந்துச்சு, அது இன்னைக்கு நூத்துக்கணக்குல டாலர் போகும், நல்ல நிலைமைல இருந்தா அதுக்கும் மேல. பார்லஃபோன் லேபிள், டிபிஈன்னு (DPE) நம்பர் ஆரம்பிக்கும். எனக்கு இன்னும் ஒண்ணு கூட சிக்கல, ஆனா எந்தக் கட்டையும் பிரிச்சுப் பாக்காம விடமாட்டேன். ரெக்கார்டு விக்கிறவங்களுக்கு ஒண்ணு, "வெரி குட்"ன்னு எழுதுனா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, கலெக்டர் பாஷைல அது நல்லா தேஞ்சது. மின்ட், அதாவது புத்தம் புதுசு மாதிரின்னு எழுதிட்டு கீறல் இருந்தா ரிட்டர்ன் வந்து வாசல்ல நிக்கும். குழாய் வெச்ச பித்தளை கிராமபோன் யாராவது காட்டுனா சிரிச்சுட்டு வந்துருங்க, முக்காவாசி இப்ப செஞ்சு எச்எம்வி நாய் ஸ்டிக்கர் ஒட்டுனது.

விலை எப்படித் தெரியும்னு கேப்பீங்க. லிஸ்டிங்ல போட்ட விலைய பாக்கவே பாக்காதீங்க, அது அவன் ஆசை. வித்து முடிஞ்ச ஐட்டம் மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு, சோல்டு ஐட்டம்ஸ், அத டிக் பண்ணுங்க. அதுல மூணு மாசம் தெரியும், செல்லர் அக்கவுண்ட்ல டெராபீக்னு ஒண்ணு இருக்கு, அதுல மூணு வருஷம் வரைக்கும் போகலாம். வாங்குறவன் கொறச்சுக் கேட்ட ஆஃபர ஏத்துக்கிட்டு வித்ததுன்னா விலை மேல கோடு போட்டிருக்கும், உண்மையான விலை அதவிட கம்மி, அந்த நம்பர நம்பி வாங்கிறாதீங்க. ரெக்கார்டுக்கு பாப்சைக் சைட்ல பழைய ஏல விலை கெடைக்கும். இத்தனையும் வாசல்ல நின்னுட்டு போன்ல பண்ணணும், அருவங்காட்டுல சில சந்துல சிக்னல் எடுக்காது, அதனால நான் முன்னாடியே கேட்டு போட்டோ வாட்ஸாப்ல வாங்கிட்டுத்தான் போவேன்.

கணக்கு பாருங்க. ஒரு சாமான் 4000 ரூபாய்க்குப் போச்சுன்னு வைங்க, தபால் அதுலயே அடக்கம். ஈபே கமிஷன் 13 சதவீதத்த ஒட்டி, ஒரு 530 போச்சு. வெளிநாட்டுப் பணம் நமக்கு வந்து சேர்ற பேயோனியர்ல டாலர ரூபாயா மாத்துறதுல நூறு, தபால் 900, பேக்கிங் நூறு. கையில 2370. நீங்க 1500க்கு வாங்கியிருந்தா 870 மிச்சம், அதுல உங்க பெட்ரோல், தொடைச்ச நேரம், ஒண்ணு ரெண்டு ரிட்டர்ன். அதனால நான் விக்கிற விலைல மூணுல ஒரு பங்குக்கு மேல குடுத்து எதையும் வாங்குறதில்ல, அதுக்கு மேல கேட்டா நல்ல சாமானா இருந்தாலும் விட்டுருவேன். ஏலமா ஃபிக்ஸட் விலையான்னா, ரெண்டு பேராவது அடிச்சுப்பாங்கன்னு தெரிஞ்சா மட்டும் ஏலம். முடியிற நேரம் அமெரிக்காவுல ஞாயிறு சாயங்காலம், நமக்கு திங்கக்கிழம விடியக்காலம், கடைசி பத்து செகண்ட்ல வந்து ஏலம் கேப்பானுங்க, தூக்கம் கெட்டாலும் பாக்க நல்லாருக்கும்.

நம்ம ஊரு ஈபே 2018 ஆகஸ்ட்டோட மூடியாச்சு, இப்ப விக்கிறது வெளிநாட்டு சைட்லதான். அதுக்கு ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கான நம்பர் எடுக்கணும், ஆன்லைன்லயே 500 ரூபாய் ஃபீஸ். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் இருந்த வரி விலக்க எடுத்துருச்சு, நம்ம தபால்காரங்க அமெரிக்கா பார்சலையே நிறுத்தி அக்டோபர் 15ல தான் திரும்ப எடுத்தாங்க, வரிய புக் பண்றப்பவே நாமளே கட்டணும்னு. அந்த ரெண்டு மாசம் நான் இங்கிலாந்து பக்கம் திரும்புனேன், 135 பவுண்டு வரைக்கும் அங்க வாட் வரிய ஈபேயே வாங்குறவன்கிட்ட பிடிச்சுக்கும், நமக்கு தலைவலி கம்மி. உள்ளூர் ஆளுங்களுக்கு வாட்ஸாப் ஏல குரூப் இருக்கு, தீப்பெட்டி லேபிள், ஸ்டாம்ப் எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சூடு பறக்கும்.

நடுவுல சில பேரு புது சாமான் ஐடியா குடுப்பாங்க. நீலகிரி தைலம் தீப்பிடிக்கிற திரவம், விமானத் தபால்ல ஏத்த மாட்டாங்க. டீத்தூள் அமெரிக்காவுக்குன்னா அங்க உணவுத் துறைக்கு முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கணும். ஹோம்மேட் சாக்லேட் மேட்டுப்பாளையம் தாண்டுனாலே கூழ். தோடர் எம்பிராய்டரி 2013ல புவிசார் குறியீடு வாங்குனது, செவப்பு கறுப்பு நூல்ல நூலெண்ணி கையால போடுறது, அத நான் விக்கலாம், ஆனா தோடர் பெண்களே நேரா விக்கிறப்ப நடுவுல நான் எதுக்கு? மெஷின்ல பிரிண்ட் பண்ணுனத தோடர்னு விக்கிறவன பாத்தா மட்டும் ரிப்போர்ட் அடிப்பேன்.

வாங்குற எடத்துல நான் ஒண்ணு வெச்சிருக்கேன், வீட்டுக்காரங்ககிட்ட எங்க விக்கிறேன், சுமாரா என்ன போகும்னு மொதல்லயே சொல்லிருவேன், எதிர்பாத்ததுக்கு மேல போனா திரும்பப் போய் ஒரு பங்கு குடுப்பேன். தர்மம்னு நெனைக்க வேண்டாம், குவார்ட்டர்ஸ்ல செய்தி டீ ஆறுறதுக்குள்ள பரவிரும், ஒரு வீட்டுல ஏமாத்துனா அடுத்த பிளாக்கே கதவச் சாத்திரும். அந்த ஃபிலிம் ஐயாகிட்ட பணத்த குடுத்தப்ப ரெண்டு தடவ எண்ணிட்டு, "பின்னாடி லைன்ல டீச்சரம்மா இருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் போட்டோகிராஃபர், ஞாயித்துக்கிழம மகன் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறான், சாமானெல்லாம் கடைக்காரனுக்கு எடைக்குப் போடப் போறாங்களாமா, நீ சனிக்கிழம காலைலயே போயிரு, என் பேரச் சொல்லு"ன்னார்.