குவான் யின் கோயில் சீட்டில் வந்த இரண்டாம் பாடல்

நெடுநாள் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்ற கேள்வியோடு, சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் உள்ள, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் அம்மனின் கோயிலில் குறி கேட்கும் சீட்டு எடுத்தேன். பெயர், வயது, முகவரியை மனத்துக்குள் சொல்லி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பது முறை. மண்டியிட்டு, நூறு குச்சிகள் கொண்ட மூங்கில் குவளையைச் சாய்த்துக் குலுக்கியபோது, ஒரு குச்சி மட்டும் மெல்ல மேலேறி வந்து தரையில் விழுந்தது. அதன் எண் இரண்டு. அதுதான் உரிய குச்சியா என்று பிறை வடிவக் கட்டைகள் இரண்டைப் போட்டுக் கேட்க வேண்டும்; ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது குவிந்த பக்கமும் மேலாக விழுந்தால் அம்மன் இசைந்ததாகப் பொருள். அப்படியே விழுந்தது.

அந்த எண்ணுக்குரிய பலன் சீட்டில் ‘நடுத்தரம்’ என்று கண்டதும் மனம் சோர்ந்தது. அதிலிருந்த பாடல் அடிக்கு ஏழு சீன எழுத்தாக நான்கே அடிகள்தான். உருமாறாத திமிங்கிலம் ஆற்றிலேயே காத்திருக்கட்டும், இப்போது மேலும் உயரத்தை நாட வேண்டாம், காலம் வந்து உருமாறும்போது ஒரே பாய்ச்சலில் டிராகன் வாசலைத் தாண்டலாம் என்பது அதன் கருத்து. மஞ்சள் ஆற்றில் எதிர்நீச்சலிட்டு அவ்வாசலைத் தாண்டும் கெண்டை டிராகனாகிவிடும் என்பது சீனர்களின் பழங்கதை.

ஆனால், பாடலைவிட அதனுடன் குறித்திருக்கும் பழங்கால மனிதரின் கதையை முதலில் பாருங்கள் என்று அங்கிருந்த சீன மூதாட்டி ஒருவர் சொன்னார். அந்தச் சொல்தான் எனக்கு வழிகாட்டியது. சீட்டில் இருந்தது பழங்காலச் சீன அரசியல் அறிஞர் சூ சின்னின் தோல்வி. போரிடும் அரசுகளின் காலத்தில், சின் நாட்டு மன்னரிடம் தம் திட்டம் எடுபடாமல் கந்தலோடு வீடு திரும்பிய அவரைக் கண்டு மனைவி தறியை விட்டு எழவில்லை, அண்ணி சோறு ஆக்கித் தரவில்லை. இரவெல்லாம் படிக்கையில் தூக்கம் வந்தால் ஊசியால் தொடையில் குத்திக்கொண்டு கற்ற அவரே, பின்னாளில் ஆறு நாடுகளின் அமைச்சர் முத்திரைகளைத் தாங்கினார். இக்கதையோடு படித்த பிறகு, காத்திருக்கச் சொல்லும் அடிகளில் தடையைக் காட்டிலும் பயிற்சிக்கான கட்டளையே எனக்குத் தெரிந்தது.

விளக்கப் பகுதியில் வீடு, வணிகம், திருமணம், வழக்கு, நோய் தொடங்கிப் பட்டுப்புழு, கால்நடை வரை தனித்தனியே பலன் கூறியிருந்தார்கள். அவற்றில் என் கேள்விக்குரிய வணிகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது வேலையில் நீடித்துக்கொண்டே மாலை நேரக் கணக்கியல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அது முடிந்ததும் இதே கேள்வியோடு வருவதாக அம்மனிடம் வேண்டியிருக்கிறேன்.